வீட்டுப் பவளத் தொட்டிக்கு எந்த விளக்கு? சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீவக வீட்டு வரவேற்பறையில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவரிடம் நண்பர்கள் முதலில் மீனைப் பற்றித்தான் கேட்பார்கள். தாங்களும் ஒரு தொட்டி வாங்கிவிட்டால் அப்புறம் வருகிற கேள்வியெல்லாம் விளக்கைப் பற்றியே இருக்கும். அவை திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். இரண்டடி முதல் நான்கடி வரையுள்ள வீட்டுத் தொட்டிகளை மனத்தில் வைத்து எழுதியது.

சாதாரண மீன்தொட்டி விளக்கு போதாதா?

மீனுக்குப் போதும், பவளத்துக்குப் போதாது. பவளம் ஒரு விலங்கு. அதன் சதைக்குள்ளே ஸூசாந்தெல்லே என்கிற ஒற்றைச்செல் பாசி கணக்கில்லாமல் குடியிருக்கிறது. அந்தப் பாசி ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை தயாரித்து, அதில் பெரும்பங்கைத் தன் வீட்டுக்காரரான பவளத்துக்குக் கொடுத்துவிடும். பதிலுக்குப் பவளம் இருக்க இடமும், கரியமில வாயுவும், தன் கழிவிலுள்ள நைட்ரஜனும் தருகிறது. வெளிச்சமான ஆழத்தில் வாழும் பவளங்களுக்கு வேண்டிய ஆற்றலில் 90 விழுக்காடு வரைகூட இந்தப் பாசியிடமிருந்து கிடைக்கலாம். அதனால் விளக்கை நான் அலங்காரச் செலவில் சேர்ப்பதில்லை, சாப்பாட்டுக் கணக்கில்தான் எழுதுவேன்.

பெட்டியில் வாட், லூமன், கெல்வின் என்று போட்டிருக்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

மூன்றுமே பாதி விவரம்தான் சொல்லும்.

வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம், அவ்வளவே. லூமன் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்ற கணக்கு. நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் பக்கமுள்ள பச்சைதான் மிகவும் பிரகாசமாகப் படும். நீலத்தை அது மங்கலாகவே பார்க்கும். பவளத்துக்கோ நீலம்தான் பிரதானம். ஆகவே அருமையான பவள விளக்கின் லூமன் எண் சின்னதாக இருக்கலாம், சமையலறை விளக்கின் எண் பெரிதாக இருக்கலாம். கெல்வின் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிறது. 6,500 என்றால் பகல் வெள்ளை, 10,000 என்றால் குளிர்ந்த வெள்ளை, 14,000-இல் நீலம் தெரிய ஆரம்பிக்கும், 20,000-இல் தொட்டி முழுக்க நீலமாகிவிடும்.

கடையில் கேட்க வேண்டிய எண் 'பார்'. 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதைச் சொல்லும் அளவு அது. பாசி ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துவது இந்த ஒளியைத்தான். வெப்பமண்டல உச்சிவெயில் கடல் மேற்பரப்பில் சுமார் 2,000 'பார்' இருக்கும். வீட்டுத் தொட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே தாராளம்.

நீலம் ஏன் என்றும் கேட்பார்கள். கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டருக்குள்ளேயே உறிஞ்சிவிடுகிறது. கீழே போகப் போக மிஞ்சுவது நீலம். பாசியிலுள்ள பச்சையமும் பெரிடினின் என்கிற நிறமியும் நீல ஒளியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் 420 முதல் 480 நானோமீட்டர் வரை வலுவாக உள்ள விளக்கைத் தேடுங்கள். பவளம் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் மின்னுவதும் இந்த நீலத்தில்தான். ஆனால் முழு நீலத்தில் மீன்களின் நிறம் செத்துவிடும். நான் நீலம் மூன்று பங்கு, வெள்ளை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்கிறேன். இது என் கண்ணுக்குப் பிடித்த கலவை, பவளம் கேட்ட கலவை இல்லை.

எந்தப் பவளத்துக்கு எவ்வளவு 'பார்' வேண்டும்?

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது இதுதான். விளக்கை வாங்கி மாட்டிவிட்டு அதற்கேற்ற பவளம் தேடுவது, மாப்பிள்ளை பார்க்கும் முன்னே மண்டபம் பிடிப்பது மாதிரி.

மஷ்ரூம் வகைகளுக்கு 50 முதல் 100 போதும். லெதர், ஸோவாந்தஸ் போன்றவை 75 முதல் 150 வரை சந்தோஷமாக இருக்கும். சதைப்பற்றுள்ள பெரிய பாலிப் (பவளத்தில் பூப்போல விரியும் சிறு உடல்) கொண்ட கற்பவளங்கள், அதாவது டார்ச், ஹாமர், ஃப்ராக்ஸ்பான், பிரெய்ன் வகைகள், 80 முதல் 150-க்குள் நன்றாக விரியும். சிறிய பாலிப் கற்பவளங்களில் மோன்டிபோராவும் பேர்ட்ஸ்நெஸ்டும் 200 பக்கம் கேட்கும், அக்ரோபோரா 250 முதல் 350 வரை கேட்கும். டிரைடாக்னா சிப்பி வளர்க்க ஆசைப்பட்டால் குரோசியா, மாக்சிமா இரண்டுக்கும் 250-க்கு மேல் கொடுங்கள். ஸ்குவாமோசா அதைவிடக் குறைவிலும் சமாளிக்கும். இவை வளர்ப்பவர்களின் அனுபவ எண்கள். இருபது முப்பது முன்பின் இருந்தால் பதற வேண்டாம்.

குறைந்த வெளிச்சத்தில் வாழ்வது பவளத்துக்குப் புதிதல்ல. நம் ஊர்க் கடலே அதற்குச் சாட்சி. 2014-இல் நமது முதல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட சிஸ்டர்ஸ் தீவுகளைச் சுற்றியுள்ள தண்ணீரைப் பாருங்கள், கலங்கலாக இருக்கும். ஏழெட்டு மீட்டர் ஆழத்துக்குக் கீழே பவளம் செழிக்க வெளிச்சம் போதாது. அப்படிப்பட்ட கடலில்தான் சுமார் 250 வகைக் கற்பவளங்கள் பதிவாகியிருக்கின்றன. சரி, அங்கிருந்து ஒரு துண்டு எடுத்து வரலாமா என்று யாரும் நினைக்கவே கூடாது. கற்பவளங்கள், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. இங்கே இறக்குமதி செய்யத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி தேவை. கடைக்காரரிடம் எங்கிருந்து வந்தது, அனுமதியோடு வந்ததா என்று தாராளமாகக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எல்இடி, டி5, மெட்டல் ஹாலைடு மூன்றில் எது?

இன்று சிங்கப்பூரில் புதிதாகத் தொடங்குபவருக்கு என் பதில் எல்இடி. வெளிச்சத்தின் அளவையும் நிறத்தையும் கைப்பேசியிலேயே மாற்றலாம், சூடு குறைவு, பல ஆண்டு உழைக்கும்.

அதன் குறை என்னவென்றால், வெளிச்சம் ஒரு புள்ளியிலிருந்து கிளம்புவதால் நிழல் கூர்மையாக விழும். பவளக் கொத்தின் மேல்பக்கம் பளபளவென்று வளரும், அடிப்பக்கம் நிழலில் வாடும். அதனால்தான் ஒரே பெரிய விளக்கைவிட இரண்டு சிறிய விளக்குகளைத் தள்ளித் தள்ளி மாட்டச் சொல்கிறேன். நீளத்தில் ஏறக்குறைய 60 சென்டிமீட்டருக்கு ஒரு விளக்கு என்று வைத்துக்கொண்டால் இரண்டடித் தொட்டிக்கு ஒன்று, நான்கடிக்கு இரண்டு. கிளைவிட்ட கற்பவளம் நிறைய இருந்தால் இதற்கு மேலும் தேவைப்படும்.

டி5 டியூப்கள் பந்தல் போட்டது மாதிரி ஒரே சீராக வெளிச்சம் பரப்பும், நிழல் விழாது. அக்ரோபோரா வளர்ப்பவர்கள் சிலர் இன்றும் இதை விட மனமில்லாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான், நியாயமான காரணம். ஆனால் 9 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை டியூப் மாற்ற வேண்டும். கண்ணுக்கு நன்றாக எரிவதாகத் தெரிந்தாலும் அதற்குள் 'பார்' இறங்கி, நிறமும் நகர்ந்திருக்கும். நடுவில் எல்இடி, இரு பக்கமும் டி5 என்று கலந்து போடுவது பெரிய தொட்டிக்கு நல்ல ஏற்பாடு.

மெட்டல் ஹாலைடு அழகு. தண்ணீரின் அலை மணலில் மின்னி ஓடுவதை அதைப்போல எந்த விளக்கும் காட்டாது. இருந்தாலும் நம் ஊர் வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் அடுத்த கேள்வியில்.

விளக்குக்கும் தொட்டிச் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்?

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து விளக்கு வாங்குபவர்கள் தவறவிடும் விஷயம் இது. குளிர்நாடுகளில் தொட்டிக்கு ஹீட்டர் போடுகிறார்கள். நமக்கோ பிற்பகலில் வீட்டுக்குள்ளேயே 30, 31 டிகிரி. தொட்டியை 25 முதல் 27 டிகிரிக்குள் வைக்க வேண்டும். விளக்கு (மெட்டல் ஹாலைடு என்றால் இன்னும் அதிகம்), பம்ப் எல்லாம் சேர்ந்து தண்ணீரில் சூட்டைக் கொட்டினால் அறை வெப்பத்தைவிடவும் தொட்டி மேலே போய்விடும்.

சூடும் வெளிச்சமும் தனித்தனிப் பிரச்சினைகள் இல்லை. தண்ணீர் சூடாகும்போது பாசியின் ஒளிச்சேர்க்கை தடுமாறும். அந்த நேரத்தில் வலுவான ஒளியும் விழுந்தால் நச்சான ஆக்சிஜன் சேர்மங்கள் உருவாகின்றன. பவளம் வேறு வழியின்றிப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். கடலில் கோடை உச்ச வெப்பத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே இது நடக்கும். 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் சிங்கப்பூர்ப் பவளங்கள் வெளுத்தது இப்படித்தான். 2016-இல் வெளுத்துக் கிடந்த பவளங்களின் படங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதையே வீட்டுத் தொட்டியில் நாமே ஒரு பிற்பகலில் செய்துவிட முடியும்.

ஆகவே விளக்குக்குப் பணம் ஒதுக்கும்போதே, தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லருக்கும் ஒதுக்குங்கள். இரண்டையும் வாங்கப் பணம் போதாது என்றால் விளக்கில் ஒரு படி இறங்கி, மஷ்ரூம், லெதர் போன்ற மென்பவளத்தோடு நிறுத்திக்கொண்டு, சில்லரை விடாமல் வாங்குங்கள். மேலே மின்விசிறி வைத்தால் தண்ணீர் ஆவியாகி ஓரிரு டிகிரி குறையும், ஆனால் நம் காற்றின் ஈரப்பதத்தில் அதன் பலன் மட்டு. ஆவியான அளவுக்கு நன்னீர் ஊற்றிக்கொண்டும் இருக்க வேண்டும். இன்னொன்று: சில்லரைத் தொட்டிக்கு அடியிலுள்ள அலமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். அது வெளியே தள்ளும் சூடு போக வழியில்லாமல் திரும்பத் தண்ணீருக்கே வரும்.

'பார்' அளப்பது எப்படி? மீட்டர் வாங்க வேண்டுமா?

ஒரே தொட்டிக்காக வாங்க வேண்டாம். அப்போஜி எம்கியூ-510 போன்ற நீருக்கடியில் அளக்கும் மீட்டர் பல நூறு வெள்ளி ஆகும். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம். சிராங்கூன் நார்த் பக்கமோ பாசிர் ரிஸ் பக்கமோ நீங்கள் வழக்கமாகப் போகும் கடையில் வாடகைக்குத் தருவார்களா என்றும் கேட்டுப் பார்க்கலாம். கைப்பேசியின் லக்ஸ் கணக்கை நம்பாதீர்கள், நீல வெளிச்சத்தில் அது தடுமாறும்.

அளக்கும்போது விளக்கை வழக்கமான உச்ச அளவில் வைத்து, பம்ப் ஓடும்போதே அளங்கள். மணல்தரை, பாறையின் நடு, பாறையின் உச்சி என்று மூன்று உயரம், ஒவ்வொன்றிலும் நடு, ஓரம், மூலை. ஒரு தாளில் தொட்டியின் படம் போட்டு எண்களை எழுதி ஒட்டி வையுங்கள். உச்சியில் 280, அதே பாறையின் ஓரத்தில் 90 என்று வருவது சகஜம். அந்தத் தாள் கையில் இருந்தால் புதுப் பவளத்தை எங்கே வைப்பது என்று யோசிக்கவே வேண்டாம்.

விளக்கை நீர்மட்டத்திலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்குங்கள். உயர்த்தினால் வெளிச்சம் பரவும், உச்சியின் வேகம் தணியும்.

புது விளக்கு மாட்டியதும் பவளம் வெளுத்துவிட்டது. ஏன்?

எனக்கும் நடந்திருக்கிறது, அதைச் சொல்கிறேன். டி5-இலிருந்து எல்இடிக்கு மாறியபோது புது விளக்கு மங்கலாகத் தெரிந்தது. நீலம் அதிகம் என்பதால் அப்படித் தெரிகிறது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. நூறு விழுக்காட்டுக்கு ஏற்றிவிட்டு வேலைக்குப் போனேன். ஐந்தே நாளில், மூன்று ஆண்டாக வளர்த்த ஹாமர் கொத்து எலும்பு நிறத்துக்குப் போய்விட்டது. ஒன்பது தலைகளில் இரண்டுதான் பிழைத்தன. அவற்றுக்குப் பழைய பழுப்பு திரும்ப நான்கு மாதம் பிடித்தது. அந்த இரண்டையும் இன்றும் வைத்திருக்கிறேன்.

பவளத்துக்குள் இருக்கும் பாசி, கிடைக்கும் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன் நிறமிகளின் அளவை மாற்றிக்கொள்ளும். அதற்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும். புது விளக்கை 30, 40 விழுக்காட்டில் தொடங்கி வாரத்துக்கு ஐந்து விழுக்காடு மட்டும் ஏற்றுங்கள். பல விளக்குகளின் செயலியில் இதற்கென்றே தானாக ஏறும் வசதி இருக்கிறது. புதிதாக வாங்கிய பவளம் என்றால் முதல் வாரம் மணல்தரையில் வைத்து, பிறகு படிப்படியாக மேலே கொண்டுபோங்கள். விளக்கின் அளவை மாற்ற முடியாவிட்டால் கொசுவலைத் துணியை மூன்று மடிப்பாக விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே கட்டி, வாரம் ஒரு மடிப்பாக எடுத்துவிடலாம். விளக்கில் படாமல் கட்டுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எரிய வேண்டும்?

எட்டு முதல் பத்து மணி நேரம், ஏறுவதும் இறங்குவதும் சேர்த்து. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரிக்குள் இருப்பதால் ஆண்டு முழுக்க நமக்குப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். அதில் காலையும் மாலையும் சாய்வெயில், நல்ல உறைப்பு நடுவிலுள்ள சில மணி நேரம்தான்.

வேலைக்குப் போகிறவர்கள் சூரியனோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. மதியம் ஒரு மணிக்குத் தொடங்கி இரவு பத்துக்கு அணையும்படி வையுங்கள். வீடு திரும்பி சாப்பிட்டு உட்காரும்போது தொட்டி உயிரோடு இருக்கும். பிற்பகல் வெக்கையில் உச்ச வெளிச்சம் விழாமல் மாலைக்குத் தள்ளிப் போடவும் முடியும், சில்லருக்கும் அது ஒத்தாசை. ஒரு முறை நிர்ணயித்த நேரத்தைத் தினமும் மாற்றாதீர்கள். விருந்தாளி வந்தார்கள் என்று நள்ளிரவுவரை எரியவிடுவதும் வேண்டாம்.

வெளிச்சம் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று பவளத்தைப் பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. கூடினால் நிறம் வெளிறும், பாலிப் விரியாமல் சுருங்கியே இருக்கும், மஷ்ரூம் ஓரம் மடித்துக்கொள்ளும் அல்லது பாறையை விட்டு நழுவி நிழலுக்குப் போகும். குறைந்தால் ஸோவாந்தஸ் கழுத்து நீட்டி மேலே எட்டும், பளிச்சென்ற நிறங்கள் பழுப்பேறும். பழுப்புக்கு நைட்ரேட் கூடியதும் காரணமாக இருக்கலாம், ஆகவே விளக்கை ஏற்றும் முன் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் குறைக்கும் பக்கமே சாயுங்கள். வெளிச்சம் போதாத பவளம் மெல்ல வாடும், நமக்குத் திருத்த அவகாசம் கிடைக்கும். கூடிப்போனால் சில நாளில் காரியம் கெட்டுவிடும்.

மாதாந்திரக் கட்டணம் எவ்வளவு ஏறும்?

மின்சாரம் யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக் கணக்குப் போடலாம். 100 வாட் எல்இடி ஒன்பது மணி நேரம், சராசரி 60 விழுக்காட்டில் எரிந்தால் மாதம் 16 யூனிட், ஐந்து வெள்ளிக்குள். 250 வாட் மெட்டல் ஹாலைடு, அதை எரியவைக்கும் பாலாஸ்ட் கருவியோடு சேர்ந்து 280 வாட் இழுத்து, எட்டு மணி நேரம் எரிந்தால் மாதம் 67 யூனிட், இருபது வெள்ளி. அது கொட்டும் சூட்டை இறைக்கச் சில்லர் கூடுதலாக ஓடும் செலவு தனி.

கரோசல் இணையச் சந்தையில் பழைய விளக்கு வாங்கலாமா?

வாங்கலாம். நேரில் போய், ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக எரியவிட்டுப் பாருங்கள். செத்த எல்இடி அப்போதுதான் தெரியும். விசிறி உறுமுகிறதா, உள்ளே உப்பு பூத்திருக்கிறதா, செயலி இன்னும் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்ததாக இருந்தால் 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்று அடாப்டரைப் படியுங்கள். மூன்று முனை பிளக்கிலும் மல்டி அடாப்டரிலும் சேஃப்டி மார்க் முத்திரை இருக்க வேண்டும்.

பழையதோ புதியதோ, வயர் தொட்டியிலிருந்து நேராக சாக்கெட்டுக்குப் போகக் கூடாது. சாக்கெட்டுக்குக் கீழே தொங்கி மேலேறும்படி வளைத்துவிடுங்கள். வயர் வழியே வழியும் உப்புநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இதைச் செய்யாத தொட்டியைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது.

சன்னல் வெயில் கிடைக்கும் இடத்தில் வைத்தால் விளக்கு மிச்சம்தானே?

வேண்டாம். மேற்குப் பார்த்த வீட்டில் பிற்பகல் வெயில் தண்ணீரைச் சூடாக்கிவிடும், கண்ணாடி முழுக்கப் பாசி ஏறும்.

வெளிச்சமே வேண்டாத பவளம் உண்டா?

உண்டு. ஆரஞ்சு நிறத்தில் பூப்போல விரியும் சன் கோரலின் உடலில் பாசி கிடையாது. ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் நீங்கள் தீனி ஊட்ட வேண்டும், தினமும் இல்லாவிட்டாலும் வாரத்தில் பல முறை. விளக்கில் மிச்சப்பட்டது நேரத்தில் போய்விடும். ஆரம்பக்காரர்களுக்கு ஏற்றதல்ல.

நிலவொளி வசதி தேவையா?

தொட்டிக்கு அவசியமில்லை. கடலில் நிலவு பெரிய விஷயம். பங்குனி, சித்திரையில் வரும் பௌர்ணமிக்குச் சில இரவுகள் கழித்து நம் தெற்குத் தீவுகளில் பவளங்கள் ஒரே நேரத்தில் முட்டையும் விந்தும் வெளியிடும். ஈசூனில் பங்குனி உத்திரக் காவடி இறக்கி வைத்த அதே வாரத்தில், கடலடியில் இளஞ்சிவப்பு மணிகள் மேலே மிதந்து வந்துகொண்டிருக்கலாம். வீட்டுத் தொட்டியில் அது நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ராத்திரியில் மீன் நடமாட்டத்தைப் பார்க்க ஆசையென்றால் நீலத்தை ஒரு விழுக்காட்டில் இரண்டு மணி நேரம் விட்டு, பிறகு முழுவதும் அணைத்துவிடுங்கள். பவளத்துக்கும் இருட்டு வேண்டும்.

விளக்கைத் துடைக்க வேண்டுமா?

மாதம் ஒரு முறை. லென்சில் படியும் உப்புத் தூசி 'பார்' அளவைச் சத்தமில்லாமல் குறைத்துவிடும். மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, ஆர்ஓ தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடையுங்கள். கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே வேண்டாம், அதன் துளி தண்ணீரில் விழும். ஆறேழு மாதம் துடைக்காமல் விட்டிருந்தால், துடைத்த அன்று விளக்கைப் பத்து விழுக்காடு இறக்கி வைத்துவிட்டு, இரண்டு வாரத்தில் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.